டிரெய்லர் சுமார், படம் அருமை: அனிமேஷன் காமெடிகள் எப்படி நம்மை ஆச்சரியப்படுத்துகின்றன?

கேள்வி இது: பிள்ளைகளுக்காகப் போட்ட ஒரு அனிமேஷன் குடும்பக் காமெடி. டிரெய்லரில் கத்தலும் குத்தாட்டமும்தான் தெரிந்தது. கடனே என்று உட்கார்ந்த பெரியவர்கள்தான் கடைசியில் அதிகம் சிரித்தார்கள், கண்ணும் கலங்கினார்கள். இது தற்செயலாக அமைந்ததா? இப்படிப்பட்ட படங்களை முன்கூட்டியே அடையாளம் காண வழி உண்டா?

தற்செயல் இல்லை, வழியும் உண்டு. முதலில் டிரெய்லரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிர்பார்ப்பைக் கெடுத்தது அதுதான். டிரெய்லர் பெரும்பாலும் இயக்குநர் கையில் இல்லை, விளம்பரப் பிரிவின் கையில் இருக்கிறது. படம் முழுசாக முடிவதற்குப் பல மாதம் முன்பே டீசர் வெளியே போயாக வேண்டும். அந்த நேரத்தில் முடிந்து கையில் இருக்கும் ஷாட்களில் இருந்துதான் பொறுக்கியெடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நல்ல சிரிப்பு, முன்னால் போட்டு வைத்த முடிச்சு அவிழும்போது வருவது. இரண்டரை நிமிடத்தில் முடிச்சுப் போட எங்கே நேரம்? ஆகவே முடிச்சே தேவைப்படாத சிரிப்புகள் மட்டும் டிரெய்லரில் மிஞ்சும்: வழுக்கி விழுவது, சுவரில் மோதுவது, ஏப்பம், பழைய ஹிட் பாட்டுக்கு மிருகங்கள் ஆடுவது. நல்ல படத்தின் டிரெய்லரும் மோசமான படத்தின் டிரெய்லரும் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். மோசமான படத்தில் டிரெய்லரில் பார்த்ததற்கு மேல் ஒன்றும் இருக்காது. நல்ல படத்தில் டிரெய்லரில் வைக்கவே முடியாததுதான் உயிர்நாடி.

ஒரு காட்சியை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். 2016-இல் வந்த ‘ஜூட்டோபியா’வில் வாகனப் பதிவு அலுவலகக் காட்சி. காணாமல் போனவரைக் கண்டுபிடிக்க முயல் போலீஸ்காரி ஜூடிக்குக் கொடுக்கப்பட்டிருப்பது 48 மணி நேரம். ஒரு வண்டி எண் யாருடையது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். நிக் என்ற நரி அவளை அழைத்துப்போகும் அலுவலகத்தில் எல்லா நாற்காலியிலும் ஸ்லாத்கள் உட்கார்ந்திருக்கின்றன. மரத்தில் தொங்கிக்கொண்டு, உலகத்திலேயே மெதுவாக நகரும் அந்த விலங்குதான் குமாஸ்தா. இதைச் சொன்னாலே புன்னகை வரும். ஆனால் காட்சி ஓடுவது அந்த யோசனையால் அல்ல, 48 மணி நேரம் என்ற கெடுவால். ஸ்லாத் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நொடியும் ஜூடியின் கணக்கில் இருந்து கழிகிறது. கேமரா அவன் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் மாறி மாறிப் போகிறது. அவன் வாக்கியம் முடியப்போகிறது என்று தெரிந்து அவளே முடித்துவைக்கப் பார்க்கிறாள், அவனோ தன் வேகத்தில் அதையே சொல்லி முடிக்கிறான். ஒருவழியாக வேலை நகர ஆரம்பிக்கும்போது, நிக் வேண்டுமென்றே ஒரு ஜோக் சொல்கிறான். ஸ்லாத்தின் முகத்தில் சிரிப்பு மலரவே பல நொடி ஆகிறது. மலர்ந்து முடிந்தது என்று நினைத்தால், அந்த ஜோக்கைப் பக்கத்து நாற்காலிக்காரிக்குச் சொல்லத் தொடங்குகிறான். வெளியே வந்தால் இருட்டிவிட்டது.

இங்கே நடப்பதைக் கவனியுங்கள். சிறு பிள்ளை சிரிப்பது மெதுவான முகத்தைப் பார்த்து. பெரியவர் சிரிப்பது கவுண்டர் முன்னால் நின்ற தன் அனுபவத்தால். சிரிப்பு ஒன்றுதான், உள்ளே நுழையும் வாசல் இரண்டு. படத்தின் கடைசியில், அதிவேகமாகப் போன காரை மடக்கினால் உள்ளே இருப்பது அதே ஸ்லாத். ஒரு மணி நேரத்துக்கு முன்பு போட்ட முடிச்சு அங்கே அவிழ்கிறது. டிரெய்லர்களில் ஒன்று ஏறக்குறைய இந்தக் காட்சியை மட்டுமே வைத்து வெளிவந்தது. விளம்பரத்தில் அரிதாக நடக்கும் நல்ல காரியம் அது. அப்போதும் கடைசிச் சிரிப்பைப் படத்துக்கென்றே விட்டுவைத்தார்கள்.

பெரியவர்களுக்கான நகைச்சுவை என்றதும் பலர் நினைப்பது பிள்ளைகளுக்குப் புரியாத இரட்டை அர்த்தத்தையும் சினிமா கிண்டலையும். அது சுலபமான வழி, சீக்கிரம் பழசாகியும் விடும். அந்த வருடத்து ஹிட் படத்தைக் கிண்டல் செய்தால் ஐந்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அந்த இடம் வெற்றிடம்தான். ஒரே நிகழ்ச்சி பிள்ளைக்கும் பெரியவருக்கும் வேறு வேறு காரணத்தால் சிரிப்பூட்ட வேண்டும். அதுதான் கடினம். நம்மை அசத்தும் படங்கள் செய்வதும் அதுதான்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்றால், அனிமேஷன் படத்தின் கதை பலமுறை உடைத்துக் கட்டப்படுகிறது. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் காமிராவில் பதிந்ததை வைத்துத்தான் எடிட்டர் வேலை செய்ய முடியும். அனிமேஷனில் எடிட்டிங் முதலில் வருகிறது. ஸ்டோரிபோர்டு கலைஞர்கள் காட்சியைக் கட்டம் கட்டமாக வரைகிறார்கள், அந்தப் படங்களைத் தற்காலிகக் குரல், தற்காலிக இசையோடு கோத்து முழுப் படமாகவே ஓட்டிப் பார்க்கிறார்கள். இதற்கு ஸ்டோரி ரீல் அல்லது அனிமேட்டிக் என்று பெயர். ஸ்டுடியோவில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கே சிரிப்பு வரவில்லை, எங்கே நெளிகிறார்கள் என்பது முகத்தில் தெரிந்துவிடும். திரும்பப் போய் வரைவார்கள். பெரிய ஸ்டுடியோக்களில் இப்படி மூன்று முதல் ஐந்து வருடம் வரை ஓடும். இறுதி அனிமேஷன் தொடங்கிவிட்டால் ஒரு அனிமேட்டர் ஒரு வாரத்தில் முடிப்பது சில நொடிகள்தான், ஆகவே அதற்கு முன்பே எடுபடாத ஜோக் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயிருக்க வேண்டும்.

இந்த உடைத்துக் கட்டும் வேலைக்குப் பேர்போன உதாரணம் ‘டாய் ஸ்டோரி’. முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளத் திரைப்படம், 1995 நவம்பரில் வெளிவந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1993 நவம்பரில், அதன் ஸ்டோரி ரீலை டிஸ்னிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டியபோது நாயகப் பொம்மை வுடி சிடுமூஞ்சியாக, மற்ற பொம்மைகளை அதட்டுகிறவனாக இருந்தான். யாருக்கும் அவனைப் பிடிக்கவில்லை, வேலை நிறுத்தப்பட்டது. கதையை மாற்றி எழுதிய பிறகுதான் மறுபடி தொடங்கியது. மாற்றியது ஜோக்குகளை அல்ல என்பது முக்கியம். தன் இடம் பறிபோகிறதே என்ற வுடியின் பயம் முன்னால் வந்தது. பொறாமையில் அவன் செய்யும் அதே அற்பக் காரியங்கள், காரணம் புரிந்தபின் சிரிப்பாக மாறின.

இன்னும் தலைகீழாகப் போனது ‘தி எம்பரர்ஸ் நியூ குரூவ்’. அரண்மனை, பாட்டு, காவியம் என்று ஒரு கனமான இசைப்படமாக ஆரம்பித்தது. சரியாக வராமல், பாதிக்கு மேல் கலைத்துப்போட்டு, அரசன் லாமா என்ற ஒட்டக இன விலங்காக மாறித் திண்டாடும் 78 நிமிடக் காமெடியாக 2000-இல் வெளிவந்தது. ‘ஜூட்டோபியா’விலும் முதலில் மையப் பாத்திரம் நரிதான். தயாரிப்பின் பிற்பகுதியில்தான் முயலை நடுவில் வைத்தார்கள். ஆகவே ஒரு அனிமேஷன் படத்தைப் பற்றி இயக்குநர் மாறினார், கதை மாறியது, தள்ளிப்போனது என்று செய்தி வந்தால், அதை வைத்து மட்டும் படம் தேறாது என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரம் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அடுத்து டைமிங். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாத தனிப்படங்கள். 90 நிமிடப் படம் என்றால் 1,29,600 ஃபிரேம்கள். நடிகர் எதேச்சையாகக் கண்ணிமைத்தது நன்றாக இருந்தது என்ற அதிர்ஷ்டம் இங்கே கிடையாது. ஒவ்வொரு இமைப்பும் யாரோ ஒருவர் முடிவு செய்தது. கயோட்டி என்ற ஓநாய் இன விலங்கு மலையுச்சியில் இருந்து விழும் கார்ட்டூன்களை இயக்கிய சக் ஜோன்ஸ் ஒரு கணக்குச் சொல்வார்: கயோட்டி விழுந்து புள்ளியாகி மறைய 18 ஃபிரேம், அதன்பின் தரையில் மோதிப் புழுதி கிளம்ப 14 ஃபிரேம். 13 வைத்தாலும் சிரிப்பு வராது, 15 வைத்தாலும் வராது என்பது அவர் அனுபவம். 14 ஃபிரேம் என்பது அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். அந்த இடைவெளியில்தான் பார்ப்பவர் மனம் ‘அடடா, இனி என்ன’ என்று முன்னால் ஓடுகிறது. முன்னால் ஓட நேரம் தராவிட்டால் சிரிப்பு இல்லை, அதிகம் தந்தால் ஆறிப்போகிறது.

கணினி அனிமேஷனில் இது சொதப்பும் விதம் ஒன்று உண்டு. அனிமேட்டர் முக்கியமான நிலைகளை மட்டும் வைக்கிறார், நடுவில் உள்ள ஃபிரேம்களை மென்பொருள் நிரப்புகிறது. அதை அப்படியே விட்டால் எல்லா அசைவும் ஒரே சீரான வேகத்தில், தண்ணீருக்குள் நடப்பதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். செலவைச் சுருக்கிய படங்களில் பாத்திரங்களுக்கு எடையே இல்லாததுபோல் தோன்றக் காரணம் இதுதான். நல்ல அனிமேட்டர் ஒரு நிலையைப் பிடித்து நிறுத்துவார், மூன்று நான்கு ஃபிரேமில் சட்டென்று அடுத்த நிலைக்குத் தள்ளுவார், அங்கே கொஞ்சம் ஆடி அடங்க விடுவார். நிறுத்தி வைத்திருக்கும்போதும் முழுசாக உறையவிட மாட்டார், கணினிப் பாத்திரம் உறைந்தால் செத்ததுபோல் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்திக்கொண்டே இருப்பார். உங்களுக்குப் பிடித்த காட்சியை யூடியூபில் நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னால் போகும், கமா விசை பின்னால் கொண்டுவரும். சிரிப்பு வந்த இடத்துக்கு முன்னால் எத்தனை ஃபிரேம் சும்மா இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒருமுறை செய்துவிட்டால் அதன்பின் எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் தானாகக் கவனிக்கும்.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பது இன்னொரு சோதனை. ஐந்து நிமிடம் போதும். யார் என்ன விரும்புகிறார், யார் யாரை ஏமாற்றுகிறார், யாருக்குக் கோபம் என்பது வசனம் இல்லாமலே தெரிந்தால் அது நன்றாகச் செய்த படம். பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மன் ஸ்டுடியோவின் குரோமிட் என்ற நாய்க்கு வாயே கிடையாது. புருவத்தையும் கண்ணையும் வைத்தே அதன் சலிப்பு, சந்தேகம், பொறுமை எல்லாம் புரியும். அதே ஸ்டுடியோவின் ‘ஷான் தி ஷீப்’ திரைப்படம் 2015-இல் வந்தது. மனிதர்கள் பேசுவதுகூட வெறும் முணுமுணுப்புதான், ஒரு சொல்லும் புரியாது. முழுநீளப் படம் தொய்வில்லாமல் ஓடுகிறது. மொழிப் பிரச்சினையே இல்லாததால் மூன்று தலைமுறை சேர்ந்து உட்காரும் வீட்டுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான்.

மோசமான படத்தில் இதற்கு நேர்மாறு. பிள்ளைகளின் கவனம் சிதறிவிடும் என்ற பயத்தில் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். கண்ணெதிரே நடப்பதையே வாயாலும் சொல்வார்கள். பிரபல நடிகர் குரல் கொடுத்திருக்கிறார் என்பதற்காகக் கூடுதல் வசனம் சேர்ப்பார்கள். எல்லாப் பாத்திரமும் ஒரே வேகத்தில் பேசும், ஒரே மாதிரிக் கையை ஆட்டும். இன்னொரு நோய் கடைசி அரை மணி நேரத்தில் வரும்: அதுவரை எங்குமே இல்லாத உருக்கம் திடீரென்று வயலினோடு வந்து இறங்கும். நல்ல படத்தில் அழுகைக்கான விதை முதல் பத்து நிமிடத்தில், பெரும்பாலும் ஒரு ஜோக்கின் உள்ளேயே போடப்பட்டிருக்கும். சிரித்துவிட்டு மறந்துபோன ஏதோ ஒரு பொருள், ஒரு பழக்கம், கடைசியில் வேறு அர்த்தத்தோடு திரும்பி வரும். நீங்கள் பார்த்த படத்தில் கண் கலங்கிய இடத்தைப் பின்னோக்கித் தேடிப் பாருங்கள், அனேகமாக அப்படி ஒன்று கிடைக்கும்.

இனி தேர்ந்தெடுப்பது. டிரெய்லரை விட்டுவிட்டு, படத்தில் இருந்து வெட்டாமல் வெளியிட்ட ஒரு முழுக் காட்சியைத் தேடுங்கள். வெளியீட்டை ஒட்டி அப்படி ஒன்றிரண்டு வரும். ஒன்றரை நிமிடக் காட்சியில் டைமிங் தெரிந்துவிடும், டிரெய்லரில் தெரியாது. இயக்குநர் முன்பு என்ன செய்தார் என்று பாருங்கள், குறிப்பாகக் குறும்படங்கள். ஏழு நிமிடத்தில் சிரிக்க வைக்கத் தெரிந்தவரை நம்பலாம். ஓடும் நேரம் 80 முதல் 100 நிமிடம் என்பது காமெடிக்கு ஆரோக்கியமான அளவு, அதில் கடைசிப் பெயர்ப்பட்டியலே பல நிமிடம் எடுத்துக்கொள்ளும். பொம்மையையோ விளையாட்டையோ வைத்து எடுத்த படம் என்றால் விளம்பரமாகத்தான் இருக்கும் என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் ‘தி லெகோ மூவி’ (2014) அந்தச் சந்தேகத்தை உடைத்த படம். ஃபில் லார்டும் கிறிஸ் மில்லரும் இயக்கியது. நிஜப் பொம்மையின் கை கால் எப்படித் திரும்புமோ அப்படித்தான் பாத்திரங்கள் அசைய வேண்டும், தண்ணீர், நெருப்பு, புகைகூடக் கட்டைகளால்தான் ஆக வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். பாதிச் சிரிப்பு அந்தக் கட்டுப்பாட்டில் இருந்தே பிறந்தது. ஆகவே படம் எதை விற்கிறது என்பதைவிட, தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இதெல்லாம் தேட நேரமில்லை என்றால், போட்டுவிட்டு முதல் பத்து நிமிடம் பாருங்கள். நாயகனுக்கு என்ன வேண்டும், அதற்காக அவன் செய்கிற தவறு என்ன என்று பக்கத்தில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளையால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் தொடருங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருந்தால் மட்டும், அம்மா அப்பாவைப் பிரியும் காட்சி, இருட்டில் துரத்தும் காட்சி எங்கே வருகிறது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். குடும்பக் காமெடிகளில்கூடக் கடைசிக்குச் சற்று முன்னால் அப்படி ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

வீட்டில் பார்க்கும்போது ஒரு விஷயத்தைச் செய்தே ஆக வேண்டும்: டிவியில் மோஷன் ஸ்மூத்திங் வசதியை அணைப்பது. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கும், படத் தர அமைப்புகளில் அசைவு தொடர்பான பகுதியில் இருக்கும். ஃபிலிம்மேக்கர் மோட் என்ற தேர்வு இருந்தால் அதைப் போட்டாலே போதும். இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் டிவி தானாக ஒரு ஃபிரேமை இட்டு நிரப்புவதுதான் இந்த வசதியின் வேலை. விளையாட்டு ஒளிபரப்புக்கு நல்லது, அனிமேஷனுக்கு விஷம். மேலே சொன்ன மூன்று ஃபிரேம் தாவலும் 14 ஃபிரேம் காத்திருப்பும் கரைந்துபோகும். ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ (2018) படத்தில் இன்னும் தேர்ச்சி பெறாத இளம் ஸ்பைடர்மேன் மைல்ஸின் அசைவுக்குப் பல இடங்களில் நொடிக்கு 12 நிலைகள்தான், அனுபவசாலியான பீட்டருக்கு 24. ஒருவன் தடுமாறுவதும் மற்றவன் வழுக்கிக்கொண்டு போவதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஸ்மூத்திங் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். களிமண் பொம்மைப் படங்களிலும் கையால் நகர்த்திய அந்த உதறல் காணாமல் போகும்.

வசனம் முணுமுணுப்பாகவும் இசை அலறலாகவும் கேட்டால், டிவியின் சொந்த ஒலிபெருக்கியை மட்டும் வைத்துக்கொண்டு பல ஒலிபெருக்கிகளுக்கான 5.1 ஒலியைத் தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த அமைப்பில் பேச்சு நடு ஒலிபெருக்கிக்கென்று தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஸ்டீரியோவுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மொழி விஷயத்தில், அனிமேஷனுக்கு டப்பிங்கைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. திரையில் இருக்கும் முகம் எந்த நடிகருடையதும் அல்ல. மூலத்திலேயே குரலை முன்கூட்டித் தனியாகப் பதிவு செய்து, அதைக் கேட்டுத்தான் அனிமேட்டர் வாயசைவைச் செய்கிறார். நடிகர்களின் சொந்த முகம் தெரியும் படத்தை டப் செய்யும்போது இழப்பதைவிட இங்கே இழப்பு குறைவு. ஸ்டுடியோக்களே நாட்டுக்கு ஏற்றபடி காட்சியை மாற்றுவதும் உண்டு. ‘இன்சைட் அவுட்’ (2015) படத்தில் குழந்தை முகம் சுளிக்கும் காய் ப்ராக்கோலி. ஜப்பானில் வெளியிட்டபோது அதைப் பச்சைக் குடமிளகாயாக மாற்றிப் புதிதாகவே செய்தார்கள், அங்கே பிள்ளைகள் வெறுக்கும் காய் அது என்பதால். ‘ஜூட்டோபியா’வில் செய்தி வாசிப்பவர் அமெரிக்காவில் மூஸ் மான், சீனாவில் பாண்டா.

சப்டைட்டில் படிக்கும் கண் படத்தின் கீழ்ப்பகுதியிலேயே நிற்கும். அனிமேஷன் காமெடியில் பின்னணியில் ஓடும் சின்னச் சின்ன வேடிக்கைகள் ஏராளம், முதல் முறை பார்க்கும்போது அவை தப்பிப்போகும். ஆகவே பிள்ளைகளோடு முதல் முறை டப்பிங்கில் பாருங்கள், பெரியவர்கள் பிறகு ஒருமுறை மூலமொழியில் பார்க்கலாம். டப்பிங் தரமானதா என்று அறிய, பிடித்த ஒரு காட்சியை இரண்டு ஒலித்தடத்திலும் ஓட்டிப் பாருங்கள். டப்பிங்கில் பாத்திரம் வாயை மூடிய பிறகும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், அல்லது மூலத்தில் மௌனமாக இருந்த இடத்தில் புதிதாக வசனம் முளைத்திருந்தால், அதை விட்டு மூலத்துக்கே போய்விடுங்கள். அந்த மௌனம் அனிமேட்டர் ஃபிரேம் கணக்குப் போட்டு விட்டுவைத்த இடம்.